‘பொம்பள குறட்டை விடலாமா?’ – டோம்பிவிலி வாசகிக்கு ஒரு பதில்

டோம்பிவிலியிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கமாகத் தருகிறேன்.

வயது 47. ஃபோர்ட்டில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. காலை ஏழு மணிக்கு முன்பே லோக்கலைப் பிடிப்பவர், இரவு வீடு திரும்ப எட்டரை ஆகிவிடுகிறது. ஒன் பிஎச்கே வீடு. கணவர், மாமியார், இரண்டு மகள்கள். இரண்டு வருடமாக இவருக்குக் குறட்டை. முதலில் கேலி செய்த கணவர் அப்புறம் எரிந்து விழ ஆரம்பித்தார். ஆறு மாதமாக இவர் கிச்சனில் பாய் போட்டுத் தனியாகப் படுக்கிறார். “பொம்பள இப்படியா குறட்டை விடுவா? பொண்ணு எடுக்க வர்றவங்க என்ன நினைப்பாங்க?” என்பது மாமியாரின் தினசரிப் பேச்சு. கடந்த மே மாதம் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போனபோது பக்கத்து பெர்த் பையன்கள் இவருடைய குறட்டையைப் போனில் பதிவு செய்து சிரித்திருக்கிறார்கள். அன்று ராத்திரி முழுக்க உட்கார்ந்தே பயணம் செய்தாராம். ஜனவரியில் மூத்த மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் ஊரிலிருந்து வருகிறார்கள், இரண்டு நாள் வீட்டில்தான் தங்குகிறார்கள். அதற்குள் குறட்டையை நிறுத்தியாக வேண்டும்.

தாணேயில் ஒரு கிளினிக்கில் ‘ஒரே சிட்டிங் லேசர்’ என்று சொல்லியிருக்கிறார்கள். போகலாமா? ஆன்லைனில் வாங்கிய தாடைப் பட்டை பயன் தரவில்லை, வேறு நல்ல கம்பெனி இருக்கிறதா? தூக்கம் சரியில்லை என்று பக்கத்து வீட்டு அம்மா கொடுத்த அல்பிரசோலம் மாத்திரையை நான்கு மாதமாகப் போடுகிறார், தொடரலாமா? இவை கேள்விகள். கூடவே சில தகவல்கள்: உயரம் 155 செ.மீ., எடை 68 கிலோ, தைராய்டு மாத்திரை ஆறு வருடமாக, பிபி மாத்திரை ஒன்று போட்டும் 150/96, ஹீமோகுளோபின் 9.8, மாதவிலக்கு நின்று எட்டு மாதம். அம்மாவும் குறட்டை விடுவாராம். 58 வயதில் பக்கவாதம் வந்து இறந்திருக்கிறார்.

கடிதம் முடிந்து, கையெழுத்துக்கும் கீழே ஒரு வரி: “சின்னவள் ஒரு நாள் சொன்னாள், ‘அம்மா, நீ கொஞ்ச நேரம் மூச்சே விடல, அப்புறம் திடீர்னு ஹக்குனு முழிச்ச’ என்று. அது கெட்ட கனவாக இருக்கும்.”

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய அந்த வரியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். அது கெட்ட கனவு இல்லை. தூக்கத்தில் உங்கள் மூச்சுப் பாதை மூடிக்கொள்கிறது, பிறகு உடம்பு பதறி எழுந்து அதைத் திறக்கிறது என்று நினைக்க வலுவான காரணம் இருக்கிறது. இதற்கு ஸ்லீப் ஆப்னியா என்று பெயர். உறுதியாகச் சொல்லப் பரிசோதனை வேண்டும். ஆனால் உங்கள் மகள் பார்த்தது ஒரு மருத்துவர் கேட்க விரும்பும் மிக முக்கியமான சாட்சியம். அவளுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

நாம் விழித்திருக்கும்போது தொண்டையைச் சுற்றியுள்ள தசைகள் மூச்சுப் பாதையின் மேல்பகுதியைத் திறந்தே வைத்திருக்கின்றன. தூங்கியதும் அவை தளர்கின்றன. நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிகிறது, அண்ணத்தின் பின்பக்கத்து மென்மையான சதையும் உள்நாக்கும் தொங்குகின்றன. வழி குறுகும்போது காற்று வேகமாகப் போகிறது. அந்த வேகத்தில் உள்ளே அழுத்தம் குறைந்து சதை இன்னும் உள்ளே இழுக்கப்பட்டுப் படபடவென்று அதிர்கிறது. குறட்டை அந்த அதிர்வின் சத்தம். இதுவரை பிரச்சினை பெரிதில்லை. சிலருக்கு அது அங்கேயே நிற்காது. மெல்லிய பிளாஸ்டிக் ஸ்ட்ராவால் கெட்டியான மில்க் ஷேக்கை வேகமாக உறிஞ்சினால் ஸ்ட்ரா ஒட்டிக்கொள்ளுமே, அதுபோலத் தொண்டை முழுதாக ஒட்டிக்கொள்கிறது. அப்போது சத்தமே இருக்காது. வீட்டில் உள்ளவர்கள் ‘அப்பாடா, நின்றுவிட்டது’ என்று நிம்மதியாகத் திரும்பிப் படுக்கும் அந்த நேரத்தில்தான் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கிக்கொண்டிருக்கும்.

மூச்சு குறைந்தது 10 விநாடி நின்றால் அதை ஒரு தடை என்று கணக்கில் எடுப்போம். மூச்சு முழுதாக நிற்காமல் நன்றாகக் குறையும் தடவைகளையும் சேர்த்து, மணிக்கு 5 முதல் 15 என்றால் லேசானது, 15 முதல் 30 நடுத்தரம், 30-க்கு மேல் கடுமையானது. கடுமையான நிலையில் ஒருவர் சராசரியாக இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவையாவது மூச்சுக்காகப் போராடுகிறார். ஒவ்வொரு தடவையும் மூளை சில விநாடி விழிக்கிறது, அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது. காலையில் அவருக்கு ஒன்றும் நினைவிருக்காது. ‘எட்டு மணி நேரம் தூங்கினேன், ஆனா அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு’ என்பார். இதே வாசகம் உங்கள் கடிதத்திலும் இருக்கிறது.

‘இது ஆம்பளைங்க வியாதி’ என்ற நினைப்பு

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநில அரசு ஊழியர்கள், 30 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் மத்தியில் நடந்த ஆய்வு 1993-ல் வெளியானது. தூக்கத்தில் மணிக்கு ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தடை உள்ளவர்கள் ஆண்களில் 24 சதவீதம், பெண்களில் 9 சதவீதம். பெண்களில் குறைவுதான், ஆனால் அபூர்வம் இல்லை. மாதவிலக்கு நின்ற பிறகு இந்த இடைவெளி சுருங்குகிறது. புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் மூச்சைத் தூண்டிவிடும், தொண்டைத் தசைகளுக்கும் அதனால் கொஞ்சம் விறைப்பு கிடைக்கும். அந்தப் பாதுகாப்பு போகிறது, கூடவே கழுத்திலும் வயிற்றிலும் கொழுப்பு சேர்கிறது. உங்களுக்கு மாதவிலக்கு தடுமாற ஆரம்பித்ததும் குறட்டை ஆரம்பித்ததும் ஏறக்குறைய ஒரே காலம்தானா என்று யோசித்துப் பாருங்கள்.

இத்தனை பெண்களுக்கு இருந்தும் ஏன் வெளியே தெரிவதில்லை? என் கிளினிக் அனுபவத்தில் காரணம் எளிது. ஆண் நோயாளி வரும்போது மனைவியும் கூட வருவார். ‘டாக்டர், ராத்திரி இவருக்கு மூச்சு நிக்குது, நான் உலுக்கி எழுப்பறேன்’ என்று அவரே எல்லாம் சொல்லிவிடுவார். பெண் நோயாளி தனியாக வருவார். சோர்வு, தலைவலி, தூக்கம் வரவில்லை, எதற்கெடுத்தாலும் எரிச்சல் என்பார். குறட்டை என்ற சொல்லே வாயில் வராது. விட்டமின், இரும்புச் சத்து, மனச்சோர்வு மாத்திரை என்று வாங்கிக்கொண்டு போவார். மாமியாரின் பேச்சைவிட இந்த மௌனம் உங்கள் உடம்புக்கு அதிகம் கெடுதல் செய்திருக்கிறது. கிச்சனில் படுப்பதும் அப்படித்தான். கணவரின் தூக்கம் தப்பித்தது, சரி. ஆனால் உங்கள் மூச்சு நிற்பதைப் பார்க்க ஆள் இல்லாமல் போய்விட்டது. தற்செயலாகத் தண்ணீர் குடிக்க வந்த சின்ன மகள் பார்த்ததால்தான் இன்று எனக்கே தெரிகிறது.

உங்கள் கணவரும் குறட்டை விடுவார், அதை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நம் வீடுகளில் ஆண் குறட்டை விட்டால் ‘பாவம், அசந்து தூங்கறான்’. அது நல்ல தூக்கத்தின் அடையாளம் என்பதும் தப்பு. அவரைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

தனித்தனியாக நீங்கள் எழுதியவை

நீங்கள் ஏழெட்டுத் தொல்லைகளைத் தனித்தனிப் பத்தியில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருக்கிறீர்கள். இரவில் மூன்று தடவை சிறுநீர் கழிக்க எழுவது கர்ப்பப்பை இறக்கம் என்கிறீர்கள். இருக்கலாம், சர்க்கரையும் பார்க்க வேண்டும். ஆனால் மூடிய தொண்டைக்கு எதிராக நெஞ்சு காற்றை இழுக்கும்போது இதய அறைகள் விரிகின்றன. ரத்தம் அதிகமாகிவிட்டது என்று இதயம் ஏமாந்து, உப்பையும் நீரையும் வெளியேற்றச் சொல்லும் ஒரு ஹார்மோனை விடுகிறது. சிறுநீர்ப்பையில் கோளாறே இல்லாமல் இரவில் பலமுறை எழுபவர்கள் உண்டு. மூச்சுத் தடை சரியானதும் பலருக்கு இது நிற்கிறது. காலைத் தலைவலி, வாய் உலர்ந்துபோவது இரண்டையும் இந்தக் கணக்கிலேயே சேருங்கள்.

பிபி விஷயம் இன்னும் முக்கியம். சாதாரணமாகத் தூக்கத்தில் ரத்த அழுத்தம் 10 முதல் 20 சதவீதம் இறங்கும். உங்களைப் போன்றவர்களுக்கு இரவெல்லாம் அட்ரினலின் தட்டிக்கொண்டே இருப்பதால் அது இறங்குவதில்லை. மாத்திரைக்கு மேல் மாத்திரை சேர்த்தும் பிபி அடங்காதவர்களில் கணிசமானவர்களுக்கு ஸ்லீப் ஆப்னியா இருக்கிறது. உங்கள் பிபி மருத்துவரிடம் குறட்டையைச் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

அதேசமயம் எல்லாப் பழியையும் குறட்டைமேல் போட்டுவிட முடியாது. ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டிய இடத்தில் 9.8 என்றால் அதுவே ஆளைச் சோர்வாக்கும். காரணம் கண்டுபிடித்துச் சிகிச்சை எடுக்க வேண்டும். தைராய்டு கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று எழுதவில்லை. மருந்தளவு போதாமல் தைராய்டு மந்தமாகவே இருந்தால் நாக்கும் தொண்டைச் சதையும் தடித்து, குறட்டைக்கு அதுவே ஒரு காரணமாகும். தைராய்டு அளவைக் காட்டும் டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனையை இந்த வாரமே செய்யுங்கள்.

இன்னொன்று, லோக்கலில் நின்றுகொண்டே தூங்கிவிழுகிறீர்கள் என்று சிரிப்பாக எழுதியிருக்கிறீர்கள். பகல் தூக்கத்தை அளக்க ஆஸ்திரேலியாவில் உருவான எப்வொர்த் பட்டியல் ஒன்று உண்டு. டிவி பார்க்கும்போது, மதியம் சாப்பிட்டு உட்காரும்போது, ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது என எட்டுச் சூழல்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 மதிப்பெண். மொத்தம் 10-ஐத் தாண்டினால் அதிகம். நின்றுகொண்டே தூங்குவது அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியல் போட்டவர் கல்யாண் ஃபாஸ்ட்டில் ஏறியதில்லை போலிருக்கிறது. வேடிக்கை போகட்டும். சிகிச்சை தொடங்கும் வரை வாசல் பக்கம் நிற்காதீர்கள். காற்று வருகிறது என்று கம்பியைப் பிடித்துக் கண் செருகுவது மற்றவர்களுக்குப் பழக்கம், உங்களுக்கு உயிராபத்து. ஸ்கூட்டியில் ஸ்டேஷன் வரை போகிறீர்கள் என்றால் அதையும் இப்போதைக்கு நிறுத்தி ஷேர் ஆட்டோவில் போங்கள்.

அந்த மாத்திரை

உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது இதுதான். அல்பிரசோலம் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும். மூச்சு நிற்கும்போது உங்களை எழுப்புகிற மூளையின் எச்சரிக்கையையும் மந்தமாக்கும். மூச்சுத் தடை இருப்பவருக்கு இந்த இரண்டுமே ஆபத்து. மாத்திரை போட்ட பிறகு ‘நடுவில் முழிப்பதில்லை’ என்று நீங்கள் சந்தோஷப்படுகிறீர்கள். முழிக்காமல் இருப்பது நல்லதா என்பதே என் கேள்வி. ஆனால் இதைப் படித்ததும் இன்று இரவே நிறுத்திவிடாதீர்கள். நான்கு மாதம் தினமும் போட்டதைத் திடீரென்று விட்டால் படபடப்பு, தூக்கமின்மை வரும், சிலருக்கு வலிப்புகூட வரலாம். இரண்டு நாளுக்குள் ஒரு மருத்துவரைப் பார்த்து, எவ்வளவு போட்டீர்கள் என்று மறைக்காமல் சொல்லி, படிப்படியாகக் குறைக்கும் அட்டவணை எழுதி வாங்குங்கள். பக்கத்து வீட்டு அம்மாவிடமும் சொல்லுங்கள்: மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கவோ பகிரவோ கூடாத மருந்து அது.

லேசர், பட்டை, டேப்

தாணே கிளினிக்கில் உங்கள் தொண்டையை டார்ச் அடித்துப் பார்த்ததைத் தவிர எந்தப் பரிசோதனையும் செய்யாமல் லேசருக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். நானும் காது மூக்கு தொண்டை மருத்துவன்தான், தேவைப்படும் இடத்தில் அறுவை சிகிச்சை செய்பவன். அதனால் அறுவை சிகிச்சைக்கு எதிரியாக இதைச் சொல்லவில்லை. தூக்கப் பரிசோதனை செய்யாமல் குறட்டைக்குக் கத்தியோ லேசரோ வைக்கக் கூடாது. லேசரில் அண்ணத்துச் சதையைச் சுருக்கினால் அதிர்வது நிற்கும், சத்தம் குறையும். ஆனால் அடைப்பு நாக்கின் அடியில் இருந்தால் மூச்சு முன்போலவே நிற்கும், இந்த முறை சத்தமில்லாமல். எச்சரிக்கை மணியைக் கழற்றிவிட்டு நோயை உள்ளே விட்டதாகிவிடும். அமெரிக்க தூக்க மருத்துவ அகாடமியும் ஸ்லீப் ஆப்னியாவுக்கு இந்த லேசர் முறையை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைப்பதில்லை. முன்பணம் கட்டியிருந்தாலும் ‘முதலில் தூக்கப் பரிசோதனை, பிறகு முடிவு’ என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. வேறு மருத்துவரின் கருத்தைக் கேட்கவும், உங்கள் ரிப்போர்ட்களின் நகலை வாங்கவும் உரிமை உண்டு. கோபித்துக்கொள்கிற மருத்துவரிடம் திரும்பப் போக வேண்டிய அவசியமில்லை.

தாடைப் பட்டைக்கு நல்ல கம்பெனி, மோசமான கம்பெனி என்றெல்லாம் இல்லை. மூச்சுத் தடைக்கு அது பயன் தராது. மூக்கு ஸ்ட்ரிப் மூக்கின் முன்பக்க அடைப்புக்கு மட்டும் உதவும். வாயை டேப் போட்டு ஒட்டிக்கொள்ளும் ரீல்ஸ் சுற்றுகிறது, அதைச் செய்யவே செய்யாதீர்கள். அலர்ஜி மூக்கடைப்பு இருந்தால் அதற்குச் சிகிச்சை உண்டு. ஆனால் மெடிக்கலில் கிடைக்கும் மூக்கு திறக்கும் சொட்டு மருந்தை ஒரு வாரத்துக்கு மேல் போட்டால் அடைப்பு முன்னைவிட மோசமாகும்.

என்ன பரிசோதனை, எங்கே, எவ்வளவு

முதலில் வீட்டில் ஒரு தையல் டேப்பை எடுத்துக் கழுத்தைச் சுற்றி அளங்கள். பெண்களுக்கு 41 செ.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் ஆபத்துக் கணக்கில் ஒரு புள்ளி. குறட்டை, பகல் சோர்வு, மூச்சு நிற்பதைப் பிறர் பார்த்தது, பிபி ஆகிய நான்கும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. ஸ்லீப் ஆப்னியா ஆபத்தைக் கணிக்கும் எட்டுப் புள்ளிப் பட்டியலில் இதுவே பரிசோதனைக்கு அனுப்பப் போதும். உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பிஎம்ஐ உங்களுக்கு 28. இந்தியர்களுக்கு 25-க்கு மேலே போனாலே உடல் பருமன் என்று கொள்கிறோம். ‘நான் அவ்வளவு குண்டு இல்லை’ என்பது இதில் செல்லாது. தாடை சிறிதாக, பின்னால் தள்ளி அமைந்திருந்தால் ஒல்லியானவர்களுக்கும் இது வரும். தாடை அமைப்பு குடும்பத்தில் தொடர்வதும் உண்டு.

பரிசோதனை இரண்டு வகை. ஒன்று, மருத்துவமனையில் ஒரு இரவு தங்கி, தலையில் மூளை அலைக்கான ஒயர்கள் உட்பட எல்லாம் மாட்டிச் செய்வது. இன்னொன்று, வீட்டிலேயே செய்வது: மூக்கில் ஒரு மெல்லிய குழாய், நெஞ்சில் பெல்ட், விரலில் கிளிப், அவ்வளவுதான். உங்களைப் போல அறிகுறி தெளிவாக உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் வீட்டுப் பரிசோதனையே போதும், செலவு சில ஆயிரங்களில் முடியும். ஒரு எச்சரிக்கை: பெண்களுக்கு மூச்சுத் தடை கனவு வரும் தூக்க நேரத்தில் மட்டும் குவிந்து, மொத்த எண்ணிக்கை குறைவாகத் தெரியலாம். வீட்டுப் பரிசோதனை ‘நார்மல்’ என்று வந்து சோர்வு தொடர்ந்தால், மருத்துவமனைப் பரிசோதனை கேளுங்கள். தனியாரில் முடியாது என்றால் சயான் அல்லது பரேல் கேஇஎம் போன்ற மாநகராட்சி ஆஸ்பத்திரிகளில் காது மூக்கு தொண்டை ஓபிடிக்கோ நெஞ்சக நோய் ஓபிடிக்கோ போய் விஷயத்தைச் சொல்லுங்கள். எங்கே, எப்போது செய்யலாம் என்று அங்கே வழிகாட்டுவார்கள்.

நடுத்தரம் அல்லது கடுமை என்று வந்தால் முதல் சிகிச்சை சிபாப் மெஷின். சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் குழு 1981-ல் இதை அறிமுகப்படுத்தியது. மூக்கில் ஒரு முகமூடி வழியாகக் காற்றை லேசான அழுத்தத்தில் செலுத்தித் தொண்டை மூடாமல் பார்த்துக்கொள்கிறது. ஆக்சிஜன் சிலிண்டர் இல்லை, அறையில் உள்ள அதே காற்றுதான். அழுத்தம் சரியாக அமைந்தால் குறட்டை முதல் இரவிலேயே நிற்கும். ஜனவரி பற்றிய உங்கள் கவலைக்கு நான் தரக்கூடிய நேரடியான பதில் இதுதான். சத்தம் ஒரு சீலிங் ஃபேனைவிடக் குறைவு.

விலை 30,000 ரூபாய்க்கு மேல் போகும். கம்பெனி மெடிக்ளைமில் இந்த மெஷினுக்குப் பணம் கிடைப்பது அரிது. பெரும்பாலான பாலிசிகளில் கொடுக்கப்படாத பொருட்கள் பட்டியலில் இருக்கிறது, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். உடனே வாங்காதீர்கள். மும்பையில் மாத வாடகைக்குக் கிடைக்கிறது. ஒரு மாதம் போட்டுப் பார்த்து, முகமூடி பொருந்துகிறதா என்று தெரிந்த பிறகு வாங்குங்கள். பழைய மெஷின் மலிவு என்று யாராவது கொண்டுவந்தால் மாடல் எண்ணைச் சரிபாருங்கள். உள்ளே இருந்த ஒலி தடுப்பு நுரை சிதைந்து மூச்சில் கலக்கலாம் என்பதால் 2021-ல் லட்சக்கணக்கான மெஷின்கள் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டன.

முகமூடி முதலில் மூச்சு முட்டுவது போல இருக்கும். மாலையில் சீரியல் பார்க்கும்போது அரைமணி நேரம் சும்மா மாட்டிக்கொண்டு உட்காருங்கள், ஓரிரு வாரத்தில் பழகிவிடும். ‘தினமும் நான்கு மணி நேரம் போட்டேன், போதாதா?’ என்று பலர் கேட்பார்கள். அது ஒருவர் மெஷினை ஒழுங்காகப் போடுகிறாரா என்று கணக்கெடுப்பதற்கான குறைந்தபட்ச அளவு. கனவுத் தூக்கம் விடியற்காலையில் அதிகம், தடையும் அப்போதுதான் அதிகம். இரவு முழுக்கப் போடுங்கள்.

லேசானது என்று வந்தால் வழிகள் வேறு. இந்த சிகிச்சையில் பயிற்சி பெற்ற பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்யும், கீழ்த்தாடையை முன்னால் தள்ளி வைக்கும் கருவி நல்ல பலன் தருகிறது. ஆன்லைனில் வெந்நீரில் போட்டுக் கடிக்கும் வகை அல்ல, அது பல்லைக் கெடுக்கும். ஒருக்களித்துப் படுப்பது இலவச சிகிச்சை; மல்லாந்து திரும்பாமலிருக்க முதுகுப் பக்கம் ஒரு தலையணை. எட்டரைக்கு வந்து சமைத்துப் பத்தரைக்குச் சாப்பிட்டு உடனே படுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் இன்னும் மூன்று பெரியவர்கள் இருக்கும்போது சமையல் ஏன் உங்களுக்காகக் காத்திருக்கிறது என்று மருத்துவர் என்ற முறையிலேயே கேட்கிறேன்.

எடை பற்றி: அதே விஸ்கான்சின் குழு பிறகு கண்டது, எடை 10 சதவீதம் குறைந்தால் மூச்சுத் தடை சராசரியாகக் கால்பங்கு குறைகிறது. உங்களுக்கு அது ஏழு கிலோ. செய்ய வேண்டியதுதான், ஆனால் ஜனவரிக்குள் நடக்காது. ‘எடை குறைத்துவிட்டு அப்புறம் டெஸ்ட்’ என்று தள்ளிப்போடாதீர்கள்.

அம்மாவின் பக்கவாதம்

அம்மாவுக்கு இதனால்தான் பக்கவாதம் வந்ததா என்று யாராலும் இப்போது சொல்ல முடியாது. இந்தி இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரியில் ஜுஹு மருத்துவமனையில் இறந்தபோது மருத்துவர்கள் இந்த நோயைக் குறிப்பிட்டார்கள், அதிலிருந்து பயம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு வயது 69, வேறு பல உடல்நலக் கோளாறுகளும் இருந்தன. சிகிச்சை எடுக்காத கடுமையான ஸ்லீப் ஆப்னியா பக்கவாதம், மாரடைப்பு, இதயத் துடிப்புக் கோளாறு ஆகியவற்றின் ஆபத்தைக் கூட்டுகிறது என்பது உண்மை. ‘மெஷின் போட்டால் பக்கவாதமே வராது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்த 2,700 பேரிடம் நடந்து 2016-ல் வெளியான பெரிய ஆய்வில் அப்படிப்பட்ட பலன் தெரியவில்லை. ஆனால் அதில் கலந்துகொண்டவர்கள் மெஷினைச் சராசரியாக இரவில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் போட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பகல் தூக்கம், சோர்வு, மனநிலை நன்றாகவே சீராகின்றன, பிபி ஓரளவு இறங்குகிறது. உங்களைப் பொறுத்தவரை பக்கவாதத்தைத் தடுக்க முதல் வேலை அந்த 150/96-ஐக் கீழே கொண்டுவருவது. மெஷின் வந்தாலும் பிபி மாத்திரையை நீங்களாக விடக் கூடாது. இனி எந்த அறுவை சிகிச்சைக்குப் போனாலும், பல்லோ கர்ப்பப்பையோ, மயக்க மருந்து கொடுப்பவரிடம் குறட்டையையும் மூச்சு நிற்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது சின்ன மகளைக் கூட்டிச் செல்லுங்கள். அதற்கு முன் ஒரு இரவு அவளை உங்கள் பக்கத்தில் படுக்கச் சொல்லி, நீங்கள் நன்றாகத் தூங்கியதும் நெஞ்சும் முகமும் தெரிகிற மாதிரி போனில் ஐந்து நிமிடம் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ரயிலில் அந்தப் பையன்கள் எடுத்ததைவிட இது உபயோகமானது. ரிப்போர்ட் வந்ததும் மூன்று எண்களை மருத்துவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: மணிக்கு எத்தனை தடை, ஆக்சிஜன் அதிகபட்சமாக எவ்வளவு இறங்கியது, 90 சதவீதத்துக்குக் கீழே மொத்தம் எத்தனை நிமிடம் இருந்தது. எனக்கு எழுதினாலும் இந்த மூன்றையும் சேர்த்து எழுதுங்கள்.

தையல் டேப் கையில் இருக்கும்போதே உங்கள் கணவரின் கழுத்தையும் அளந்துவிடுங்கள். ஆண்களுக்கு எல்லை 43 செ.மீ. அதைத் தாண்டினால் அவருக்கும் சேர்த்து அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள்.